தகர அண்ணாச்சி

"அத்த, இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அபிக்கு அப்போது ஐந்து வயது. தென்காசியில் பழைய தாலுகா ஆபீசுக்குப் போகும் சந்தில் இருந்த அத்தையின் கடையில், மேசைமேல் ஏறி உட்கார்ந்து, கொலுசுக் காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள். கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த ஜெயசித்ராவின் விரல்கள் நின்றன.

"எந்த மேடுட்டி?"

"இந்தா, கம்ப்யூட்டர்ல. பச்சையா, பெருசா இருக்கு. மேல மேகமா கெடக்கு. ஆடு மாடு ஒண்ணையும் காணும்."

ஜெயசித்ராவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சர்க்காருக்கு மனு தட்டிக் கொடுப்பது அவள் தொழில். அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பார்க்க ஆளில்லாத வெளிச்சத்துக்கு எதற்குக் கரண்ட் என்று மானிட்டரை அணைத்தே வைத்திருப்பாள். அன்று குழந்தை பொத்தானை அமுக்கிவிட்டது. மூன்று வருஷமாகத் தன் முகத்துக்கு நேரே ஒரு பச்சை மேடு இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அது வெறும் படம், அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கேட்ட குழந்தையை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வராது.

"எனக்கும் தெரியாதே. ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வருவமா?"

போனார்கள். கேரளா போகும் பஸ்ஸில் ஏறி, புளியறை தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறி இறங்கினார்கள். குழந்தை ஜன்னலில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தது. அத்தை கேட்டுக்கொண்டே வந்தாள். யார் யாரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள் என்று சொல்வது கஷ்டம். ஆரியங்காவில் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, எதிரே இருந்த கடையில் பழம்பொரி வாங்கித் தின்றார்கள்.

"அத்த, இங்கனயும் மேடுதான் இருக்கு" என்றாள் அபி, ஏமாற்றத்தோடு.

"அப்ப அதுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ள நின்னுக்கிட்டு, அவ அத்தகிட்ட இதையே கேட்டுக்கிட்டிருக்கும்."

அந்தப் பதில் அபிக்குப் போதுமானதாக இருந்தது.

மறுவருஷம் இன்னொன்று நடந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் நிலத் தகராறைப் பற்றி இரண்டு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் ஓடியிருந்தது. மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த அபி, என்னவென்று தெரியாமல் பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் அணைந்தது. தட்டியது அத்தனையும் போயிற்று.

"யாரு இழுத்தது? ரெண்டு மணி நேரமா தொண்ட வத்தச் சொல்லியிருக்கேன்!" என்று அவர் எழுந்துவிட்டார்.

அபி பிளக்கைக் கையில் வைத்தபடியே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

"என் கால் பட்டுட்டு அண்ணாச்சி" என்றாள் ஜெயசித்ரா. "தப்பு என்னுதுதான். உக்காருங்க, மொதல்லேருந்து சொல்லுங்க."

"கண்ணு தெரியாத ஆளுகிட்ட வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

 அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் மறுபடியும் மூன்று பக்கம் தட்டினாள். அபி அன்று உண்மையைச் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. தன் கால்தான் பட்டுவிட்டது என்று அத்தை உண்மையிலேயே நம்பிவிட்டாள் என்றே நினைத்தாள். அந்த மனிதர் சொன்ன சொல் மட்டும் உள்ளே முள்ளாக இருந்துவிட்டது.

வருஷங்கள் போயின. அபி இப்போது சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அத்தையின் கடை அதே சந்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரும் அதேதான். விசிறி இரண்டு தடவை, கீபோர்டு மூன்று தடவை மாற்றியாயிற்று. உள்ளே இருப்பது அதே விண்டோஸ் எக்ஸ்பி.

காலையில் ஸ்விட்சைப் போட்டதும் அது ஒரு சின்ன ராகம் பாடும். ஜெயசித்ரா "முருகா" என்பாள். இருபது வருஷமாக அவளுக்கு அதுதான் பள்ளியெழுச்சி. அப்புறம் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் வரும். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஒரு ஆம்பளை பேசுகிற மாதிரி இருக்கும். அதற்குத் 'தகர அண்ணாச்சி' என்று பேர் வைத்திருந்தாள். அவருக்கு நயமாகப் பேசத் தெரியாது. சர்வே நம்பரை ஒவ்வொரு எண்ணாக, ஆணி அடிக்கிற மாதிரி சொல்வார். தப்பாக ஒரு எழுத்து விழுந்தால் விழுந்தபடியே வாசித்துக் காட்டிக் கொடுத்துவிடுவார். அந்த வாசிப்பை நம்பித்தான் திங்கள்கிழமைதோறும் முப்பது நாற்பது பேர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அவள் கொடுத்த காகிதத்தோடு போனார்கள்.

கீபோர்டில் சில பொத்தான்களின்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பாள், விரலுக்கு அடையாளம் தெரிய. மனுக்களுக்கு அவள் வைத்த பெயர்களும் அப்படித்தான். வருகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. குரலும் நடையும் வாசனையும் தெரியும். அவற்றையே பெயராக வைத்தாள். 'இருமல் அண்ணாச்சி', 'வெத்தல வாய் ஆச்சி', 'செருப்பு இழுக்கிறவர்', 'ஏலக்காய் வாசம்'. 'இ'யை அமுக்கினால் இருமல் அண்ணாச்சி வந்து நிற்பார். 'வெ'யை அமுக்கினால் ஆச்சி வருவாள்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மங்களேஸ்வரி ஒருநாள் கேட்டாள். "சித்ராக்கா, எனக்கு என்ன பேரு போட்டிருக்கிய?"

"உனக்கு எதுக்குட்டி பேரு? உன் சத்தம் கேட்டா கம்ப்யூட்டரே தன்னால எந்திரிச்சுக்கிடும்."

இந்த ஆனி மாதச் சீசனுக்கு அபி லீவு போட்டு வந்திருந்தாள். முதல் நாளே கடைக்கு வந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தாள்.

"அத்த, இது இன்னும் உசுரோட இருக்குன்னு எங்க ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். ஆபீஸ்ல சிரிக்க ஒண்ணு கெடச்சா நல்லதுதான."

"இதுக்கு இப்ப பாதுகாப்பே கெடையாது அத்த. வைரஸ் வந்தா என்ன செய்வ?"

"நெட்டே கெடையாது. எந்த வழியா வரும்? செங்கோட்ட பஸ்லயா?"

வாசலில் நின்ற மங்களேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். அபியும் சிரித்தாள். ஆனால் அவள் பைக்குள் ஒரு புது லேப்டாப் ஏற்கெனவே இருந்தது. தன் சம்பளத்தில் அத்தைக்கென்று வாங்கியது. சொல்லாமல் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை.

வியாழக்கிழமை அபியின் அப்பா மாடன் தங்கையைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். அவர் புளியறை செக்போஸ்டில் போலீஸ்; அன்று லீவு. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஜெயசித்ராவுக்கு அருவி என்றால் உயிர். எத்தனை பிரிவாக விழுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவாள். அவள் அங்கே தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்த நேரத்தில், அபி இங்கே கடையைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.

மனுக்கள் அத்தனையையும் லேப்டாப்புக்கு மாற்றினாள். புதுச் சிஸ்டத்தில் வாசிக்கிற குரலையும் போட்டாள். பெண் குரல், தேன் மாதிரி இருந்தது. பழைய பெயர்களை அவள் வாசிக்கக்கூட இல்லை. ஒரு சின்ன நிரல் எழுதி, ஒவ்வொரு மனுவிலும் 'அனுப்புநர்' என்று இருக்கிற இடத்திலிருந்து பெயரை எடுத்து, தேதியோடு சேர்த்து, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கும் ஒரே நிமிஷத்தில் பெயர் மாற்றினாள். பார்க்க அத்தனை ஒழுங்காக இருந்தது. பழைய டிஸ்க்கை அழித்துவிட்டுத்தான் யாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சந்தில் பழைய இரும்பு வண்டியின் மணி கேட்டது. அத்தை வருவதற்குள் முடிக்கிற அவசரம். அப்படியே தூக்கி ஏற்றிவிட்டாள். சில அவசரங்களைச் சாமி தெரிந்தேதான் கொடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயசித்ரா நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். எப்போதும் அங்கே பெட்டியின் பக்கவாட்டு, இளஞ்சூடாக, பூனை மாதிரி படுத்திருக்கும். கால் வெறும் தரையில் பட்டது.

"கைய நீட்டு அத்த" என்று அபி லேப்டாப்பை நகர்த்தி வைத்தாள். "உனக்குத்தான். புத்தம் புதுசு."

ஜெயசித்ராவின் விரல்கள் அதன்மேல் மெல்ல நடந்தன. எல்லாப் பொத்தானும் வழுவழுவென்று ஒரே மாதிரி இருந்தது. அவள் முகம் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு சிரித்தாள்.

"நல்லா இருக்குட்டி. ரொம்ப நல்லா இருக்கு. பழசு எங்கன?"

"வண்டில போட்டுட்டேன்."

"சரி" என்றாள். அபியின் கன்னத்தைத் தடவிக் கையை முத்தமிட்டுக்கொண்டாள். நல்லது செய்ய வருகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் உலகத்தில் பாதிக் கஷ்டம் குறையும். ஆனாலும் அன்போடு வந்த கையைத் தட்டிவிட அவளால் ஆகாது.

அபி சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். மங்களேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, புது மருமக வந்துட்டா. மாமியாரப் பழைய இரும்புக்குப் போட்டாச்சா?"

"வாய மூடுட்டி" என்றாள் ஜெயசித்ரா. குரலில் சிரிப்பு இல்லை.

புதியதில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண் குரலுக்கு 'டீச்சர்' என்று அவளே பேர் வைத்தாள். டீச்சர் இனிமையாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். சர்வே நம்பரை இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று என்று சேர்த்து வாசித்தாள். எல்லாம் சரிதான். ஆனால் இது வேறு வீடு. வெளிச்சத்தில் நடக்கிறவர்களுக்கு அலமாரி இடம் மாறினால் அலமாரி மட்டும்தான் மாறும். ஜெயசித்ராவுக்கு வீடே இல்லாமல் போய்விடும். எக்ஸ்பியில் இரண்டு தடவை மேலே, ஒரு தடவை வலது பக்கம், அப்புறம் எண்டர் என்று இருபது வருஷம் கால் பழகிய படிக்கட்டு இங்கே இல்லை.

பத்து மணிக்கு வாசலில் இருமல் கேட்டது. வீரகேரளம்புதூரிலிருந்து வருகிற பெரியவர். அவர் வயலுக்குப் போகும் பாதையை அடைத்து வேலி போட்டுவிட்டார்கள். நாற்று நட ஆள் உள்ளே போக முடியவில்லை. இது ஆறாவது மனு.

"தாயி, போன மாசத்து ரசீது நம்பரயும் இதுல போடணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவ. காயிதம் மழையில நனஞ்சு போச்சு. அன்னைக்கே உங்கிட்ட சொல்லிக் குறிச்சு வச்சேன், இருக்கும்லா?"

"இருக்கும் அண்ணாச்சி."

'இ'யை அமுக்கினாள். இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிமுத்து, இப்ராகிம் என்று டீச்சர் வாசித்துக்கொண்டே போனாள். இருமல் இல்லை. ஜெயசித்ராவுக்கு அப்போதுதான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது.

"அண்ணாச்சி... ஒங்க பேரு என்ன?"

"ஏன் தாயி, அஞ்சு மனு எழுதியிருக்க. எம் பேரு தெரியாதா?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "குற்றாலீஸ்வரன்."

'கு'வை அமுக்கினாள். குற்றாலம், குற்றாலம்பிள்ளை, குற்றாலிங்கம், குற்றாலிங்கம், குற்றாலீஸ்வரன், குற்றாலீஸ்வரன் என்று போய்க்கொண்டே இருந்தது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு குற்றாலம் இருக்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள். நடுநடுவே டீச்சர் வேறு எதையோ அறிவிக்க ஆரம்பித்து, இருந்த இடத்தை விட்டு அவளை எங்கோ கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு மணி நேரம் போயிற்று. பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

பெரியவரே எழுந்தார். "கெடக்கட்டும் தாயி. அடுத்த வாரம் வாரேன்."

"நாத்து?"

"அதுவும் அடுத்த வாரம் வரைக்கும் நிக்கட்டும்."

அவர் செருப்பு மாட்டுகிற சத்தம், இருமல், சந்து திரும்புகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று நான்கு மனுக்கள்தான் முடிந்தன.

இரவுச் சாப்பாட்டின்போது மங்களேஸ்வரி மூலமாக மாடனுக்குச் செய்தி வந்திருந்தது. அபி பக்கத்து அறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புதுசு புரியலைன்னா விட்டுருளா. ஒனக்கு என்ன குற? நான் இருக்கேன். வீட்டுல உக்காந்து சாமி பாட்டக் கேட்டுக்கிட்டு நிம்மதியா இரு."

"நிம்மதி அங்கனதான் இருக்கு அண்ணே."

"திங்கக்கிழம பாப்போம். ஆளுவள வெறுங்கையோட அனுப்புத மாதிரி இருந்தா, கடச் சாவியக் குடுத்துருவோம். அவுகளுக்காவச் சொல்லுதேன்."

 தனக்காக என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். "சரி, திங்கக்கிழம பாப்போம். அபிகிட்ட ஒண்ணும் சொல்லாதிய. ஆசையா வாங்கியாந்திருக்கா" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அபி சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குப் போனாள். வாசலில் ஆள் இல்லை. உள்ளே அத்தை மட்டும் தனியாக இருந்தாள். கூப்பிடப் போன அபி நின்றுவிட்டாள்.

அத்தை ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு தடவை. எட்டாவது தடவை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு லேப்டாப்பைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

"டீச்சர், இருமல் அண்ணாச்சிய எங்கன வச்சிருக்கிய? சொல்லுங்கம்மா. நாத்து காஞ்சு போவும்."

டீச்சர் ஒரு குற்றாலிங்கத்தின் பெயரைச் சொன்னாள். அத்தையின் கால் மேசைக்கு அடியில், இல்லாத பெட்டியைத் தேடித் தரையில் இரண்டு தடவை நகர்ந்தது.

அபி தூக்கைச் சத்தமில்லாமல் வாசல்படியில் வைத்தாள். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து முனை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள்.

பழைய இரும்புக் கடை செங்கோட்டை ரோட்டில் இருந்தது. வண்டியில் எழுதியிருந்த பெயர் அவளுக்கு ஞாபகம் இருந்தது. துருப்பிடித்த சைக்கிள்கள், உடைந்த மின்விசிறிகள் நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஜாஹிரா பீவி எடை போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வாயில் ஏலக்காய் மணந்தது.

"வியாழக்கெழம தாலுகா ஆபீஸ் சந்துல ஒரு கம்ப்யூட்டர் போட்டேன். அத ஒடச்சிட்டியளா?"

ஜாஹிரா பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா அது? எந்தப் பாவி போட்டான்னு ரெண்டு நாளா ஏசிக்கிட்டிருக்கேன்."

"நான்தான். சித்ரா அத்தையோட அண்ணன் மக."

"வெளங்கும்" என்றாள் ஜாஹிரா பீவி. உள்ளே போய் ஒரு சாக்கை விலக்கினாள். பெட்டி, மானிட்டர், கீபோர்டு மூன்றும் முழுசாக இருந்தன. "மதர்போர்டக் கழத்த எடுத்தேன். கீபோர்டுல பொட்டு ஒட்டியிருக்கதப் பாத்தேன். கை ஓடல. அதுக்கு முன்னால உக்காந்து எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரவுக மௌத்தாப் போன பொறவு விதவ உதவித்தொகைக்கு ஏழு மனு. ஒங்க அத்த ஒவ்வொரு தடவையும் மொதல்ல என்ன கேப்பா தெரியுமா? 'சாப்டியளா'ன்னு கேப்பா. அந்தச் சமயத்துல அத ஊருல ஒருத்தரும் கேக்கல."

அபி பர்ஸை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள்.

"என்ன தரணும்னு மட்டும் கேட்டிராத, கோவம் வந்துரும். நாளைக்குக் காலையில வண்டில போட்டு கட வாசல்ல எறக்கச் சொல்லுதேன். போ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லோரும் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அபி தலைவலி என்றாள். பொய்தான். முருகன் மன்னித்திருப்பான். அன்று சாயங்காலம் அவளுக்குச் சென்னைக்கு ரயில்.

சந்து காலியாக இருந்தது. மங்களேஸ்வரியின் கடை பூட்டியிருந்தது. வண்டிக்காரர் மூன்றையும் படியில் இறக்கிவிட்டுப் போனார். அபி உள்ளே தூக்கி வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மேசைக்கு அடியில், சிமெண்ட் தரையில், பெட்டி இருபது வருஷம் இருந்த இடம் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்துக்குள் விளிம்பு பிசகாமல் பெட்டியை வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். பட்டது. வயர்களைச் சொருகி, மண்டியிட்டுப் பிளக்கைச் செருகியபோது, ஆறு வயதில் அதே இடத்தில் அதே பிளக்கோடு கிடந்தது ஞாபகம் வந்தது.

ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி கொஞ்சம் முனகியது. பிறகு அந்த ராகம் கேட்டது. தகர அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அபி மானிட்டரைப் போட்டாள்.

பச்சை மேடு அப்படியே இருந்தது. மேலே மேகமும் இருந்தது. ஆடு மாடு ஒன்றையும் காணோம்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தை தட்டியிருந்த மனுக்களை லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள். அப்போதுதான் பழைய பெயர்களை முதல் தடவையாக வாசித்தாள். 'இருமல் அண்ணாச்சி' இருந்தார். 'செருப்பு இழுக்கிறவர்', 'வெத்தல வாய் ஆச்சி' எல்லோரும் இருந்தார்கள். 'ஏலக்காய் வாசம்' என்று ஏழு மனுக்கள் இருந்தன. யாரென்று அபிக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனவள் ஒரு பெயரில் நின்றாள்.

'கொலுசு.'

எந்தப் பெண்ணின் மனுவோ என்று திறந்தாள். அனுப்புநர், முன்னாள் ராணுவ வீரர் என்று தகர அண்ணாச்சி ஆரம்பித்தார். நிலத் தகராறு. மூன்று பக்கம். தேதியைப் பார்த்தாள். அவள் ஒன்றாம் வகுப்புப் படித்த வருஷம்.

பட்டாளத்துக்காரர் கொலுசு போட்டுக்கொண்டு வரவில்லை. அன்று அந்தக் கடையில் கொலுசு போட்டிருந்தது ஒரே ஒரு கால்தான். அது மேசைக்கு அடியில் இருந்தது.

அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. பிளக் பிடுங்கிய நொடியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் "என் கால் பட்டுட்டு அண்ணாச்சி" என்றாள். தெரிந்துதான் அந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட, விளையாட்டுக்குக்கூட, கேட்டதில்லை.

 போன் அடித்தது. அப்பா.

"ஏட்டி, கோயில்லேருந்து வந்துட்டோம். தலவலின்னுட்டு எங்கன போன?"

"கடைக்கு வந்தேன்ப்பா. அத்தையோட பழைய கம்ப்யூட்டரத் திருப்பி வாங்கி வச்சிட்டேன்."

"ஏன்? புதுசு என்ன ஆச்சு? சித்ராவுக்குப் புரியலன்னாளா? நான் அப்பவே சொன்னேன், அவளால இனிமே..."

"இல்லப்பா" என்றாள் அபி அவசரமாக. "அத்த ஒண்ணும் சொல்லல. அவளுக்கு நல்லாத்தான் வருது. எனக்குத்தான் வேணும். என்னோடது ரிப்பேராப் போச்சு. லேப்டாப்ப நானே எடுத்துட்டுப் போறேன்."

அப்பாவின் குரல் உயர்ந்தது.

"குடுத்தத் திருப்பி வாங்குதியா?"

"ஆமாப்பா."

"ஆசையாத் தடவித் தடவிப் பாத்தாளேட்டி. சம்பாதிக்க ஆரம்பிச்சதும் இந்தப் புத்தி வந்துருச்சா? கண்ணு தெரியாதவகிட்டேருந்து பிடுங்கிட்டுப் போறதுக்கு ஒனக்கு வெக்கமா இல்ல?"

அந்தச் சொல்லை அபி முழுசாக வாங்கிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான்ப்பா" என்றாள்.

அவர் இன்னும் ஏதோ ஏசிவிட்டு வைத்துவிட்டார். அபி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 'கொலுசு' கோப்பை மூடினாள். ஒரு எழுத்தும் மாறவில்லை என்று தகர அண்ணாச்சியை விட்டு ஒருமுறை பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். லேப்டாப்பைப் பையில் வைத்தாள். கம்ப்யூட்டரை நிறுத்தினாள். கடைசியாக, அத்தை எப்போதும் வைத்திருக்கிறபடி, மானிட்டரை அணைத்தாள். பச்சை மேடு இருட்டுக்குள் போயிற்று.

கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். சந்தில் ஒருவரும் இல்லை.